ராத்திரி பத்து மணிக்கு விடிஞ்ச கத

டிசம்பர்ல கோவாவுக்குப் போறியாமே மக்களே? உனக்க அம்மை வந்து சொன்னா. டிரான்ஸ் பார்ட்டின்னு சொல்லும்போ அவளுக்கு அழுகையும் வந்துட்டு. நாந்தான், ஆடத்தானே போறான் பிள்ளே, ஆண்டியாவா போறான்னு தேத்தி அனுப்புனேன். கோவாவுக்கு ஆடப் போயி ஆண்டியானவனும் உண்டு. அந்தக் கதைக்குப் பொறவு வாறேன்.

போ. நான் தடுக்க மாட்டேன். நெஞ்சு நெறைய சிவபெருமான் படம் போட்ட பனியன் வாங்கியாச்சு, இருட்டுல மின்னுக பெயின்டு வாங்கியாச்சு, எத்தன அடி நடந்தேன்னு கணக்கு சொல்லுக வாச்சும் கையில கட்டியாச்சு. கொள்ளாம். சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வர 12 சிவன் கோயிலும் ராவு பகலா ஓடணும், வாடேன்னு கூப்பிட்டப்போ, முட்டு வலிக்குன்னு போர்வைய இழுத்து மூடுன பயலாக்கும் நீ. அங்க போயி விடிய விடிய ஆடுனா மட்டும் முட்டு வலிக்காது போல. சாமி ஒண்ணுதான், செலவுதான் வேற.

கோவாவப் பத்தி இந்தக் கெழவனுக்கு என்னத்தத் தெரியும்னு உனக்க மூஞ்சி கேக்கு. நான் மைக்செட்டுக்காரன்டே. மண்டைக்காட்டுச் சுத்துவட்டாரத்துல இசக்கி கொடையா, கல்யாண வீடா, கட்சிக் கூட்டமா, எல்லாத்துக்கும் தென்னமரத்துல ஏறி கொழாய் ஸ்பீக்கர் கட்டுனவன். நம்ம கடப்புறத்து ஆளுவ கோவாவுக்கு வள்ளத் தொழிலுக்குப் போனப்போ ஒரு சீசன் நானும் ஒட்டிக்கிட்டுப் போனேன். மீன் பிடிக்க இல்ல, கடல்ல எறங்குனா எனக்கு வாந்தி வரும். அங்க ஒருத்தன் ஜெனரேட்டரும் ஆம்ப்ளிஃபயரும் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தான், அவனுக்கு ஒத்தாசைக்கு. அஞ்சுனா கடக்கரையில ராத்திரி ஒயர் இழுத்தவன் சொல்லுகேன், கேட்டுக்க.

முதல்ல வந்த வெள்ளக்காரனுவ ஆட வரல்ல. 1961 டிசம்பர் 19 வர கோவா போர்ச்சுகீசுக்காரன் கையில. அவன் மூட்ட கட்டிப் போயி கொஞ்ச வருசத்துல, அறுபதுகளுக்க கடைசியில, முடியும் தாடியுமா இந்தப் பிள்ளியள் வந்து எறங்குச்சுவ. அமெரிக்காவுல வியட்நாம் சண்டைக்கு ஆளெடுக்கானுவ, இவனுவளுக்குப் போக மனசில்ல. சோலியும் வேண்டாம், சொத்தும் வேண்டாம், ஓலக்குடிசையும் கடலும் போதும்னு கெடந்தானுவ. எட்டுவிரல் எட்டின்னு ஒரு ஆளு, ஆர்மீனிய வம்சத்து அமெரிக்கன். ஒரு கையில விரலு மூணுதான். பசிச்சு வாறவனுக்கெல்லாம் கஞ்சி ஊத்துனவன். ஊருக்குத் திரும்பக் காசில்லாதவன் கையில கெடந்த கேமராவையும் ஜீன்சையும் விக்கதுக்குத் தொடங்குனதுதான் அஞ்சுனா புதன்கெழமைச் சந்தை. இப்பம் அங்க கஷ்மீர்க்காரனும் ராஜஸ்தான்காரியும் கட வச்சிருக்காவ. உனக்க வாச்சப் பாத்ததும் ரெண்டு மடங்கு வெல சொல்லுவாவ, பாதியில இருந்து பேரத்தத் தொடங்கு.

ஆண்டியானவன் கத இதாக்கும். சான் பிரான்சிஸ்கோவுல இருந்து வந்த கில்பர்ட் லெவி. இமயமலைக்குப் போயி ஜூனா அகாடாவுல தீட்சை வாங்கி பாபா மங்களானந்த் ஆனான். கடக்கரைக்கு எறங்குனா அவன் பேரு கோவா கில். சடையும் உத்திராட்சமுமா நின்னு 24 மணிக்கூர் ஒரே இருப்புல பாட்டுப் போடுவான். 2023 அக்டோபர்ல கோவாவுலயே சீவன் போச்சு. உனக்க பனியன்ல சிவன் இருக்கதுக்கு மூலகாரணம் தேடுனா இந்த ஆளுட்டதான் போயி முட்டும்.

ஆதியில கிட்டாரும் பாட்டும்தான். எண்பதுகள் தொடங்கும்போ மெஷின் பாட்டு வந்துச்சு. லோரான், ஃப்ரெட் டிஸ்கோன்னு பிரெஞ்சுக்காரனுவ ரெண்டு பேருக்க பேரு அடிபடும். ஐரோப்பாவுல இருந்து வாற எலக்ட்ரானிக் பாட்ட எடுப்பானுவ, ஜெர்மனிக்கார கிராஃப்ட்வெர்க் மாதிரி. அதுல வாயால பாடுக எடத்த வெட்டித் தூரப் போட்டுட்டு, வெறும் தாளத்தையும் சத்தத்தையும் ஒட்டி ஒட்டி நீட்டுவானுவ. காதல், சோகம், ஒண்ணும் கெடையாது. ஆடுகவனுக்கு மத்தவனுக்க சங்கடம் என்னத்துக்கு?

வெட்டுகதுக்கும் ஒட்டுகதுக்கும் கேசட்டுதான் ஆயுதம். லண்டன்ல டிஜே ரிக்கார்டச் சுத்துவான். கோவா வெயில்ல ரிக்கார்டு வளஞ்சு போவும், உப்புக்காத்தும் மணலும் ஊசியத் தின்னுடும். நமக்கும் இதே பாடுதானே. எனக்க பெட்டியில கெடந்த ரிக்கார்டுல பாதி வளஞ்சது. ஊசி எகிறாம இருக்க அதுக்க கைமேல ஒரு நாலணாவ வச்சு ஓட்டுவேன். அந்த நாலணாவ எவனாவது எடுத்துட்டுப் போனா சாமி பாட்டு அன்னைக்கு ஒரே வரியில நிக்கும். வெள்ளக்காரன் நாலணாவத் தேடல்ல, சோனி வாக்மேன் புரொஃபஷனல் ரெண்டு கொண்டு வந்தான், ஒண்ணு பாட, மத்தது அடுத்த பாட்டோட தயாரா நிக்க.

1987ல சோனி டேட்டுன்னு ஒரு டிஜிட்டல் கேசட்டு எறக்குனான். உள்ளங்கையில அடங்கும், சத்தம் அம்புட்டு சுத்தம். ஆனா அதுல வேகத்தக் கூட்டிக் கொறைக்க ஒக்காது. ஒரு பாட்டுக்க தாளத்த அடுத்த பாட்டுக்க தாளத்தோட இணைக்க முடியாது. அப்பம் பாட்டு செய்யுகவன் என்ன செய்தான்? தொடக்கத்துலயும் கடைசியிலயும் தாளமே இல்லாம நீளமா ஒரு எடம் விட்டு வச்சான். அங்க காத்து வீசுக மாதிரி சத்தம் மட்டும் வந்து போவும். ஒரு பாட்டு அதுல அடங்கும், மத்தது அதுல இருந்து எழும்பும். மெஷினுக்க கொறைதான் பாட்டுக்கு அழகாச்சு.

உனக்கு இது புரியும், புரியாட்டி நம்ம அம்மன் மேல குத்தம். மாசிக் கொடையில பத்தாம் நாள் ராத்திரி ஒடுக்கு எடுத்துட்டு வரும்போ எப்படி இருக்கும்? அத்தன ஆயிரம் சனமும் வாயத் திறக்காம நிக்குமா இல்லியா? இருமுடி கட்டி வந்த பெண்ணுங்க, மடியில கெடக்க பிள்ளைவ உள்பட. அப்பம் மைக்செட்டுக்காரனுக்கு ஸ்விட்ச அணைச்சிட்டுக் கை கட்டி நிக்கதுதான் வேல. பத்து நாளு அடிச்ச மேளம் முழுசும் அந்தக் கொஞ்ச நேரத்துலதான் காதுல ஏறும்.

நான் போன காலத்துல அங்க டிக்கெட்டு கெடையாது, வாசல்ல தடியனுவ கெடையாது. எங்க ஆட்டம்னு காதுக்குக் காது செய்தி போவும். ஆடுக எடத்துக்க ஓரமா ஊருக்காரிகள் பாய விரிச்சு வரிசையா இருப்பாளுவ. ஒவ்வொருத்தி முன்னாலயும் ஒரு மண்ணெண்ணெ வெளக்கு, ஒரு ஸ்டவ்வு, கொதிக்க சாயா. சாய் மாமான்னு கூப்பிடுவானுவ. ஆடி ஓஞ்சவன் பாயில வந்து சரிவான், சாயா குடிப்பான், ஆம்லெட்டு தின்னுவான், திரும்ப எழும்பிப் போவான். சில்லற இல்லேன்னா நாளைக்குத் தான்னு விட்டுருவா. அந்த ஆட்டத்துக்க வரும்படியில ஊருக்குக் கெடச்ச பங்கு அந்தப் பாயில இருந்துதான். இந்தப் பாய் எடுபட்டுப் போனதையும் சேத்துத்தான் நான் நஷ்டக் கணக்குல எழுதுகேன். நீ போற எடத்துல சாயா குடிக்கக் கையில பட்டை கட்டி, அதுல காசு ஏத்தணுமாம்.

ராத்திரிக்கு ஒரு போக்கு உண்டு. நடுச்சாமத்துல கறுத்த பாட்டு, முரட்டு அடி. மூணு மணிக்கு ஆளப் போட்டுப் புரட்டி எடுக்கும். கெழக்க வெளுக்கத் தொடங்கும்போ பைய மெட்டு வரும், மனசு எளகும். மார்னிங் மியூசிக்னு அதுக்குத் தனிப் பேரு, அதுக்குன்னே கேசட்டு ஒதுக்கி வச்சிருப்பானுவ. விடியப்போற நேரத்துக்குன்னு செய்த பாட்டு அது. ராத்திரி முழுசும் நின்னவனுக்குத்தான் அது கூலி. ஆறு மணிக்குக் குளிச்சிட்டு வந்து கேட்டா சும்மா ஒரு பாட்டு.

அதுல நெளிஞ்சு நெளிஞ்சு போற ஒரு சத்தம் கேப்பியே, அதுக்க கத கொள்ளாம். ஜப்பான்காரன் ரோலண்ட் கம்பெனி டிபி-303ன்னு ஒரு சின்னப் பெட்டி செய்தான். தனியா கிட்டார் வாசிக்கவனுக்குத் துணையா பேஸ் வாசிக்கத்தான். பேஸ் கிட்டார் மாதிரி சத்தம் வரல்ல, சீந்த ஆளில்ல, 1984ல நிப்பாட்டிட்டான். பழைய சாமான் கடையில மலிவா கெடந்தத சிகாகோப் பயலுவ எடுத்துத் திருகக்கூடாத திருகையெல்லாம் திருகி 1987ல ஆசிட் ஹவுசுன்னு ஒண்ணு கொண்டு வந்தானுவ. அங்க இருந்து அது கோவாவுக்கு வந்துச்சு.

ஆனா அவனுவளுக்கு முன்ன நம்ம ஆளு ஒருத்தன் திருகிட்டான், அதாக்கும் விசேஷம். சரண்ஜித் சிங், பம்பாய் சினிமாவுக்கு வாசிச்சவரு. இதே 303யும் கூடவே ரெண்டு ரோலண்ட் மெஷினையும் வச்சு, டிஸ்கோ தாளத்துல பத்து ராகம்னு 1982ல ஒரு ரிக்கார்டு போட்டாரு. அதுல மால்கௌன்ஸ் உண்டு, நம்ம நாதஸ்வரக்காரரு வாசிக்க ஹிந்தோளம். ஒருத்தனும் வாங்கல்ல. 2010ல வெளிநாட்டுக்காரன் தூசி தட்டித் திரும்பப் போட்ட பொறவு, இது ஆசிட் ஹவுசுக்கும் அப்பனாச்சேன்னு வாயில வெரல வச்சானுவ. அந்த மனுசன் வீட்டுல சாதாரணமா இருந்துட்டு 2015ல போய்ச் சேந்தாரு. கோவாவுக்கும் பம்பாய்க்கும் ஒரு ராத்திரிப் பயணம்தான். இவரு அங்க போகல்ல, அவனுவ இவருகிட்ட வரல்ல.

தொண்ணூறுகள்ல இந்தச் சரக்கு கோவா டிரான்ஸ்னு பேரு வாங்கி லண்டனுக்கு ஏறிப் போச்சு. 1993ல யூத்துன்னு ஒரு ஆளு டிராகன்ஃப்ளைன்னு கம்பெனி தொடங்குனான், அடுத்த வருசம் டிப் ரிக்கார்ட்ஸ் வந்துச்சு. அதுல ஒரு பங்காளிக்குப் பேரு ராஜா ராம். பேரக் கேட்டு நாகர்கோவில்ல எவருக்க மவன்னு விசாரிக்காத, ஆஸ்திரேலியாவுல பொறந்த வெள்ளக்காரன், புல்லாங்குழல் வாசிக்கவன். 1994 டிசம்பர்ல பால் ஓக்கன்ஃபோல்டு பிபிசி ரேடியோவுல கோவா மிக்ஸுன்னு போட்டான், அதுக்குப் பொறவு கோவாவக் கண்ணால காணாதவன்லாம் கோவாக்காரன். 1995ல சைமன் போஸ்ஃபோர்டு, ஹாலுசினோஜன்னு பேரு வச்சுக்கிட்டு, 'ட்விஸ்டட்' கொண்டு வந்தான். இத நீ கேக்கணும். மெட்டுக்கு மேல மெட்டு, அதுக்கு மேல இன்னொண்ணு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பின்னிக்கிட்டுப் போவும். எனக்கு அதுல தவில் தனி ஆவர்த்தனம் கேக்க சுகம் கெடச்சுது, நெசமாத்தான் சொல்லுகேன். நீ போன மாசம் போட்டுக் காட்டுனியே ஒண்ணு, அதுல எனக்குக் கெடச்சது தலைவலி.

மவுசு வந்தா பின்னால மோசமும் வரும். 1997, 98 ஆகும்போ மெஷின் வாங்குனவன்லாம் ஒரே பாட்டச் செய்யத் தொடங்குனான். வேற்றுக்கிரக சினிமாவுல இருந்து ஒரு வசனம், அரேபிய மணத்துல ஒரு மெட்டு, எடையில ஒரு ஓம். வாங்குகவன் சலிச்சான், கம்பெனி ஒவ்வொண்ணா படுத்துச்சு. கோவா டிரான்ஸ்னு சொல்லவே வெக்கப்பட்டு, சைக்கடெலிக் டிரான்ஸ், சைட்ரான்ஸ்னு பேர மாத்திக்கிட்டானுவ.

பொறவு நடந்தது நம்ம வீட்டுப் பாகப் பிரிவினைதான் மக்களே. ஒரு தகப்பனுக்க சொத்து, ஆளுக்கொரு துண்டா அளந்து வேலி போட்டுக்கிட்டானுவ. முன்ன ஒரே ராத்திரிக்குள்ள இருட்டும் இருந்துச்சு, வெளிச்சமும் இருந்துச்சு, மெல்லவும் போச்சு, பாயவும் செய்துச்சு. இப்பம் இருட்ட எடுத்துக்கிட்டவன் டார்க், காட்டுச் சத்தத்த எடுத்தவன் ஃபாரஸ்ட், மெதுவா போறவன் ப்ராக்ரசிவ், பளபளன்னு உள்ளவன் ஃபுல் ஆன். நிமிசத்துக்கு 140, 145 அடி இருந்தது ஹைடெக்காரன் கையில 180, 200ன்னு ஓடுது. நடுவுல உள்ள மெட்டு மெலிஞ்சு, கீழ உள்ள பேஸ் கொழுத்துச்சு. ஒரு அடி, அதுக்குப் பின்னால மூணு பேஸ், திரும்ப ஒரு அடி, மூணு பேஸ், இதாக்கும் இப்பத்த பாட்டுக்க முதுகெலும்பு. சிடியும் கம்ப்யூட்டரும் வந்து தாளம் தாளத்தோட ஒட்டிக்கிட்டுது, டேட்டு கேசட்டு விட்டுவச்ச அந்த மூச்சு விடுக எடமும் போச்சு.

கெட்டுக் குட்டிச்சுவரா போச்சுன்னு நான் சொல்லல்ல. ஹைஃபாவுல ரெண்டு பயலுவ, இன்ஃபெக்டட் மஷ்ரூம்னு பேரு, 2000ல 'கிளாசிக்கல் மஷ்ரூம்' போட்டானுவளே, அது நல்ல கைவேல. அந்த ராஜா ராமும் போஸ்ஃபோர்டும் கூடி ஷ்பாங்கிள்னு 1998ல கொண்டு வந்தது படுத்துக் கெடந்து கேக்கதுக்குள்ளது. பெல்ஜியத்துல சன்ட்ரிப்புன்னு ஒரு கூட்டம் பழைய கோவா மெட்டத் திரும்பச் செய்யுகு. பிரேசில்ல கடக்கரை நெறைய ஆடுகானுவ, ஹங்கேரியில ஆடுகானுவ. எல்லாத்தையும் விட ரசம் போர்ச்சுகல். 1510ல கோவாவப் பிடிச்சு 451 வருசம் ஆண்டுட்டுப் போனவனுக்க நாட்டுல, 1997ல இருந்து பூம்னு ஒரு திருவிழா. அங்க நாள் கணக்கா, ராத்திரி முழுசும் ஆட்டம். போகும்போ கோவாவ விட்டுட்டுப் போனான், கோவாவுக்க ராத்திரிய மட்டும் பின்னால ஆளனுப்பி எடுத்துக்கிட்டான்.

நீ போற கோவாவுல என்ன நடக்கு தெரியுமா? 2000ல மத்திய சர்க்காரு ஒலி மாசு விதி கொண்டு வந்தான். ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 மணி வர வெட்டவெளியில ஒலிபெருக்கி கூடாது. மாநில சர்க்காரு மனசு வச்சா, வருசத்துல 15 நாளுக்கு மிஞ்சாம, திருவிழான்னு சொல்லி 12 மணி வர விடலாம். ஆக, விடியும்போ கேக்கணும்னு செய்த பாட்ட வெயில் தாழ தொடங்கி 10 மணிக்கு ஆஃப் பண்ணுகானுவ. மார்னிங் மியூசிக்க ராத்திரி ஒன்பதரைக்குப் போடுகான், நீயும் கண்ண மூடிக்கிட்டு சூரியன் வந்துட்டுன்னு கையத் தூக்குவ. பாலோலெம்ல ஒருத்தன் மூளையப் பாரு, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி விட்டு ஆடவிட்டான். கடக்கரையில கடல் சத்தம் மட்டும், நடுவுல கூட்டம் மிண்டாம துள்ளுகு. கோடாங்கிக்குக் காட்டுனா பதறிப்போவான்.

2007ல காண்டோலிம்ல சன்பர்ன்னு ஒரு திருவிழா வந்துச்சு. கம்பெனி விளம்பரம், மேட, டிக்கெட்டு, ஒரு டிஜேக்கு ஒன்றரை மணிக்கூர். ஒன்றரை மணிக்கூர்ல ராத்திரியக் கட்டி இழுக்க முடியுமா? வந்தவொடன உச்சத்துக்குப் போயாகணும், அடுத்தவன் அதுக்கு மேல போகணும், அவனுக்கடுத்தவன் இன்னும் மேல. 200 அடி எப்படி வந்துச்சுன்னு இப்பம் வெளங்குதா?

சட்டத்தக் குத்தம் சொல்லி என்ன செய்ய? சீக்காளிக்கும் பரீட்சைக்குப் படிக்க பிள்ளைக்கும் ஒறக்கம் வேணும். ஆனா இதே விதிதான் இஞ்சயும் வந்து நிக்கு, பாத்துக்க. சுடலை கொடையில வில்லுப்பாட்டுக்காரரு வீசுகோல எடுத்தா, காப்பு கட்டுல தொடங்கி, பொறப்பு, வளர்ப்பு, வஞ்சனைன்னு கதைய இழுத்து இழுத்து, சாமத்துலதான் வரத்துப் பாட்டுக்கு வருவாரு. அப்பம் குடத்துல அடி ஏறும், உடுக்கு ஏறும், நையாண்டி மேளக்காரன் எழும்பி நிப்பான், சாமியாடிக்கு மேல தானா வரும். ஒரு குளிகையும் முழுங்காம வரும், கேட்டியா. இப்பம் கமிட்டிக்காரன் வாச்சப் பாத்துக்கிட்டு நிக்கான், அண்ணாச்சி, 10 மணிக்கு முன்ன சாமி வந்திரணும்னு. வில்லுக்காரரு கதைக்க நடுவயித்த அறுத்துப் போட்டுட்டு வரத்துப் பாட்டுக்குத் தாவுகாரு. சாமியும் காக்கி பயத்துல வந்துட்டுப் போவும். ஜனத்துக்கு மேலு சிலுக்கல்லன்னு கவலப்பட்டு பாக்ஸ் ஸ்பீக்கர ரெண்டு கூட்டி அடுக்குகானுவ. அஞ்சுனாக்காரன் பேஸக் கூட்டுனதும் இதே கணக்குதான்.

செரி, போறதுன்னு ஆச்சு, நாலு வார்த்த கேட்டுக்க. காந்திதாம் வண்டியில போ, பிளேன்ல போயி காச எறியாத. வாகட்டோர்ல ஹில்டாப்புன்னு ஒரு எடம், தென்னமரத்துக்கெல்லாம் மின்னுக பெயின்டு அடிச்சு வச்சிருக்கான், அதப் பாரு. வண்டு விழாம இருக்கவும் அது உதவுமான்னு கேட்டுட்டு வா. எவனாவது நாக்குல வைக்கக் காயிதம் நீட்டுனா, பாட்டா திட்டுவாருன்னு சொல்லு. 1985ல போதைமருந்துச் சட்டம் வந்தாச்சு, உள்ள போட்டா எட்டு ஊரு வக்கீலு வந்தாலும் ஜாமீனு லேசுல கெடைக்காது. உனக்க அம்மை எனக்க வீட்டு முத்தத்துலதான் வந்து கெடந்து அழுவா. பழைய கோவாவுல பாம் ஜீசஸ் கோயிலுக்குக் கட்டாயம் போ, கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு லீவு விட்டதும் படத்துக்கு ஓடுவியே, அந்த சவேரியாருக்க உடம்பு அங்கதான் இருக்கு. அங்க இருக்க நாளுல ஒரு நாளு போனத் தூக்கிப் பெட்டியில போட்டுட்டு, 10 மணிக்கு அவன் ஸ்விட்ச அணைச்ச பொறவு அறைக்கு ஓடாம கடக்கரையில இரி. போஸ்ஃபோர்டு ஆல்பத்த அஞ்சு மணிக்குக் காதுல மாட்டு. அப்பமும் ஒறக்கம் வந்தா ஒறங்கிக்கோ, உன்னய ஒண்ணும் செய்ய முடியாது.

இன்னொரு காரியம். புதன் சந்தையில அந்த டேட்டு கேசட்டு ஒண்ணு கெடச்சா எனக்கு வாங்கு. போட்டுப் பாக்க மெஷின் கெடையாது, சும்மா கையில வச்சுப் பாக்கத்தான். பக்கத்துலயே முந்திரிப்பழத்துல எறக்குக ஃபெனி விப்பான். ஒரு சின்னக் குப்பி, காலு முட்டுக்குத் தேய்க்கன்னு சொல்லி வாங்கு. உனக்க பாட்டி கேட்டா, பாட்டா கேசட்டு மட்டும்தான் கேட்டாருன்னு சொல்லு, என்னா?